தெருவைத் தாண்டாத ரேடியோ

எங்கள் கந்தோர் ரேடியோவுக்கு அம்பாறை கேட்கும். மலையடிவாரத்துக் குளத்தடி கேட்கும். வானம் தெளிவாக இருந்தால் கொழும்பும் கேட்கும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பொலிஸ் நிலையம் மட்டும் கேட்காது. இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். நானும் கொஞ்சக் காலம் சிரித்துக்கொண்டிருந்தவன்தான்.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. கிழக்கே மீன், மேற்கே நெல், நடுவில் கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவின் முடிவில் இருந்த நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரில் நான் ரேடியோவுக்குப் பொறுப்பாக இருந்தேன். சூறாவளிக்கு முன்னர் அப்படியொரு வேலையே அங்கே கிடையாது. சூறாவளி தென்னைகளையும் தந்திக் கம்பிகளையும் ஒன்றாகப் படுக்க வைத்துவிட்டுப் போன பிறகு, எங்கள் கரையில் உயிருள்ள மனிதர் இருக்கிறார்களா என்பதே பல நாட்களாக வெளியே தெரியவில்லை. அப்போதுதான் மேலிடத்துக்கு ரேடியோ என்ற சாமான் நினைவுக்கு வந்தது.

நினைவுக்கு வந்தது நல்ல விஷயம். ஆனால் ஒவ்வொரு திணைக்களத்துக்கும் தனித்தனியாக நினைவுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு ஒரு நாடு ரேடியோ செற் தந்தது, பொலிசுக்கு வேறொரு நாடு, ஆஸ்பத்திரிக்கு மூன்றாவதாக ஒரு நாடு. எங்கள் ஏரியல் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டிய நீளக் கம்பி. பொலிசுக்கு உயரமான இரும்புக் கம்பம். ஆஸ்பத்திரியின் செற் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. அதற்குரிய பட்டரி வேறொரு கப்பலில் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஊரைவிட்டு மாறிப் போகும் வரைக்கும் அந்தக் கப்பல் வந்து சேரவில்லை.

செற்றைப் பூட்ட வந்த தொழில்நுட்பக்காரரிடம் நான் அன்றே கேட்டேன். ஒவ்வொரு செற்றுக்குள்ளும் விரல்நகம் அளவில் ஒரு பளிங்குத் துண்டு இருக்கிறது, அது எந்த அலைக்கு வெட்டப்பட்டதோ அந்த அலையில்தான் கதைக்கும், கேட்கும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அப்படியானால் பொலிசுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு துண்டு போடலாமே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது வேறு திணைக்களம்" என்றார். பிறகு தன் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதற்கென்று ஒரு கூட்டமும் நடந்தது. உதவி அரசாங்க அதிபரின் கந்தோரில், மின்விசிறிக்குக் கீழே, ரோல்ஸும் வாழைப்பழமும் தந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமையாக இருந்தார்கள்: தங்கள் அலையில் மற்றவன் வரக்கூடாது. பொலிசார் தங்கள் இரகசியம் வெளியே போய்விடும் என்றார்கள். எங்கள் எஞ்சினியரோ, அணைக் கதவு திறக்கும் நேரம் பொலிசுக்குத் தெரிந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்றார். தண்ணீர் வருவது ஊருக்குத் தெரிந்தால் என்ன குறைந்து போகும் என்று நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன். என்னை ரோல்ஸ் எடுக்கச் சொன்னார்கள்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நான் பொலிசுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அம்பாறையிலுள்ள எங்கள் மேல் கந்தோருக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். அவர்கள் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு அறிவிப்பார்கள். கச்சேரி பொலிஸ் மேலதிகாரிக்கு அறிவிக்கும். அவர் தங்களுடைய ரேடியோவில் எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்குச் சொல்வார். என் மேசையிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கிற மனிதனுக்குச் செய்தி அம்பாறை போய் வர வேண்டும். இதை எழுதி, எல்லோரும் கையெழுத்தும் வைத்தார்கள்.  

ஆனாலும் கொஞ்சக் காலம் காரியம் நடந்தது. அதற்குக் காரணம் தேத்தண்ணிக் கடை. பொலிஸ் நிலையத்தில் ரேடியோவில் இருந்தவன் தென்பகுதிச் சிங்களப் பெடியன், நல்லவன். அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் சாப்பாட்டுத் தமிழ். நான் கந்தோர் வாசலில் வந்து நின்றால் அவனும் வெளியே வருவான். இரண்டு பேரும் கடைக்குப் போவோம். பிளேன் டீ வருவதற்குள் நான் தண்ணீர்ச் செய்தியைச் சொல்லிவிடுவேன், அவன் கள்ள மரம் ஏற்றிய லொறிச் செய்தியைச் சொல்லிவிடுவான். அவனுக்கு இடமாற்றம் வந்த அன்று கடைக்காரர் அவனிடம் காசு வாங்கவில்லை. அவனுடைய இடத்துக்கு ஒரு சார்ஜன் வந்தார். அவர் தேத்தண்ணி குடிப்பதில்லை.

அந்த வருடம் பெரும்போக நெல் வெட்டுக் காலத்தில் மழை பிந்தி வந்தது. எங்கள் கரையில் அவ்வளவாக இல்லை. மேற்கே, மலைப்பக்கத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. கதிரை வெட்டிக் கட்டி, சூடு வைத்துவிட்டு, காணிக்காரப் போடிமார் எல்லோரும் வயலில் ஓலை வாடிகளில் காவல் கிடந்தார்கள். சூடு என்றால் கதிர்க்கட்டுகளைக் குவித்து அடுக்கி வைக்கும் போர். ஒரு குடும்பத்தின் வருடம் முழுவதும் அதற்குள்தான் இருக்கும்.

என் தங்கச்சியின் புருஷனும் வயலில்தான் இருந்தார். மச்சானின் காணி ஆற்றுக்கு அங்கால், பள்ளக்காணி. ஆறு நிறைந்தால் முதலில் தண்ணீர் ஏறுகிற இடம். அவரோடு முல்லைக்காரரும் இருந்தார். முல்லைக்காரர் என்றால் விதைப்பு முதல் சூடு வரைக்கும் போடியாரின் வயலைப் பொறுப்பெடுத்துச் செய்கிறவர். இவர் பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழர், எங்களைப் போல முஸ்லிம் அல்ல. மச்சானின் வாப்பா காலத்திலிருந்து அந்தக் காணியில் இருப்பவர். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன்தான். கந்தோருக்கு ஏதும் வேலையாக வந்தால் என் மேசைக்கு முன்னால் நின்று பகிடி பண்ணாமல் போகமாட்டார்.

"இந்தப் பெட்டிக்கு முன்னால இரிந்து மொகமே காணாத ஆக்களோட கதைக்கிறீங்க. பொஞ்சாதி ஒண்டும் கேக்கிறல்லயா தம்பி?"

மச்சானின் வாப்பா அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்த நிலை. மச்சானுக்கு வயலிலும் நிற்க முடியவில்லை, வீட்டிலும் இருக்க முடியவில்லை. சூடு அடித்து நெல்லை ஏற்றியதும் வந்துவிடுகிறேன் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் சொல்ல வந்த நாளில் எங்கள் ஊரில் நல்ல வெயில். சேலைகள் எல்லாம் வேலியில் காய்ந்தன. முற்பகல் போல ஆற்றின் மேற்பக்கத்து அணைக்கட்டிலிருந்து ரேடியோ அழைத்தது. மலையில் பெய்த மழைத் தண்ணீர் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, கட்டு தாங்காது, பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கதவுகளை எல்லாம் திறக்கப்போகிறோம், கீழே சொல்லிவையுங்கள் என்றார்கள். கதவு திறந்தால் பிற்பகல் அஸர் நேரத்துக்குள் பள்ளக்காணிகளில் தண்ணீர் நிற்கும். அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

எனக்கு உடனே மச்சானும் அண்ணனும்தான் கண்ணுக்குள் வந்தார்கள்.

எஞ்சினியர் கந்தோரில் இல்லை. வயல்களுக்குச் செய்தி கொண்டுபோக வேண்டிய வட்டவிதானையும் ஊரில் இல்லை. இரண்டு பேரும் அம்பாறையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். வெள்ளக் காலத்தில் திணைக்களங்கள் எப்படி ஒத்துழைக்க வேண்டும் என்பது பற்றிய கூட்டம் அது. நான் இதை வேடிக்கைக்காகக் கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

டெலிபோனைத் தூக்கினேன். முதல் நாளே மேற்கில் எங்கோ மரம் விழுந்து அது செத்துப் போயிருந்தது. கந்தோர்ப் பியோனைச் சைக்கிளில் பக்கத்து வயல் வட்டைகளுக்கு அனுப்பினேன். ஆட்கள் கூடுதலாக நின்றது அங்கேதான். ஆற்றுக்கு அங்கால் போக அவரால் முடியாது, தூரம் அதிகம். ஆனால் அங்கே பொலிஸ் ஜீப் ஒன்று நின்றது. தங்கள் வயலில் தண்ணீர் கட்டினால் இரவோடு இரவாக ஆற்றின் கரைக்கட்டை வெட்டித் திறந்துவிடுகிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதைத் தடுக்கத்தான் ஜீப்பைப் போட்டிருந்தார்கள். மச்சானின் சூட்டிலிருந்து பார்த்தால் அந்த ஜீப் தெரியும். அதற்குள் ரேடியோ இருந்தது. ஒரே ஒரு வசனம் போதும்.

ஏற்பாட்டின்படி அம்பாறைக்குச் சொன்னேன். கிடைத்தது, கச்சேரிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அது எந்த மேசையில் எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். செற்றை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன்.

சார்ஜன் மரியாதையான மனிதர். என்னை இருக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, கடிதம் எங்கே என்றார். கடிதமில்லை, கையெழுத்து வைக்க வேண்டிய எஞ்சினியர் அம்பாறையில் என்றேன். அப்படியானால் அம்பாறையிலிருந்துதான் செய்தி வர வேண்டும் என்றார். அனுப்பியிருக்கிறேன், சுற்றி வந்துகொண்டிருக்கிறது என்றேன். நல்லது, வந்ததும் ஜீப்புக்குச் சொல்கிறேன் என்றார். போன மாதம் யாரோ வாயால் சொன்னதைக் கேட்டு ஜீப்பை அனுப்பி, அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதுதான் எனக்குத் தலைக்கேறியது. பிழையாக ஏதும் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

அந்த நேரம் அவருக்குப் பின்னாலிருந்த செற் கரகரத்தது. ஜீப்பிலிருந்த கான்ஸ்டபிள் கதைத்தான். மூக்கடைத்த மாதிரி ஒரு குரல். ஆற்றுக் கட்டில் பிரச்சினை ஒன்றுமில்லை, நல்ல வெயில், பகல் சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டான். அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நான் என்னை அறியாமல் எழுந்து மைக்குக்குக் கையை நீட்டிவிட்டேன். சார்ஜன் அதை எடுத்துத் தன் மறுபக்கத்தில் வைத்துக்கொண்டார். சாப்பாடு வருகிறது என்று அவனுக்குப் பதில் சொன்னார்.

வெளியே வந்து தெரு நடுவில் நின்றேன். எனக்கு அழுகை வரப் பார்த்தது. அப்போதுதான் பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொன்னது.

பள்ளி ஸ்பீக்கர் வயலுக்கும் கேட்கும். கடல் காற்று மேற்கே அடித்தால் ஆற்றுக்கு அங்காலும் கேட்கும். ஆனால் எங்கள் பள்ளியிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பாங்கு, பிறை, மௌத்து என்கிற சாவுச் செய்தி, இவற்றைத் தவிர வேறொன்றும் ஸ்பீக்கரில் போகக் கூடாது. மௌத்துக்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மற்ற எதற்கும் பள்ளிப் பொறுப்பாளரான மரைக்காயரின் சம்மதம் வேண்டும். தொழுகை முடிந்து வந்த மரைக்காயரைச் செருப்புப் போடக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணிக்குச் சொன்னா நாளைக்கு மாடு காணாமப் போனதுக்கும் சொல்லச் சொல்லுவாங்க தம்பி" என்றார்.

"மாமா, கதவு துறக்கப் போறாங்க. இல்ல, இப்ப துறந்திரிப்பாங்க. ஆக்கள் எல்லாம் வயலுக்க நிக்காங்க."

"பொலிசுக்குச் சொன்னயா?"

"சொல்லிட்டுத்தான் வாறன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாங்கு சொல்லும் மோதினாரைக் கூப்பிட்டு, "இவரு சொல்றத அப்படியே சொல்லுங்க" என்றார். அன்றைக்கு நான் கேட்ட மனிதர்களில் எழுத்தில் தா என்று சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

மோதினாருக்கு நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீர் வருகிறது, பள்ளக்காணியில் நிற்பவர்கள் உடனே மேட்டுக்கு வாருங்கள், சூட்டை விட்டுவிட்டு வாருங்கள். அவர் தலையாட்டினார். மைக்கைத் தட்டினார், ஊதினார், தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டு, ராகமாக, "இன்னாலில்லாஹி" என்று மௌத்துக்கு ஓதுவதைத் தொடங்கிவிட்டார்.

நான் அவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கையால் என்னைத் தடுத்துவிட்டு ஓதி முடித்தார். பிறகு வழக்கமான இடைவெளியையும் விட்டார். மௌத்து அறிவிக்கும்போது ஊர் வேலையை நிறுத்திக் காது கொடுப்பதற்காக விடுகிற இடைவெளி அது. அதற்குப் பிறகுதான் தண்ணீர்ச் செய்தி வந்தது. நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார்.

"என்ன வேல செஞ்சீங்க? ஆரு மௌத்தாகின?" என்று கேட்டேன்.

"அத ஓதாம மைக்கப் புடிச்சா எனக்கு வாய் வருகுதில்ல தம்பி" என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. வருடக்கணக்காக அந்த மைக்கில் பாங்குக்கு அடுத்தபடி அவர் சொல்லி வந்தது அதை மட்டும்தான்.

பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலியடியில் வந்து நின்று யார் என்று கேட்டார்கள். கடைகளில் பாதிக் கதவைச் சாத்தினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் மௌத்தில்லை, தண்ணீர் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. எரிச்சலில் மோதினாரையும் திட்டினேன், அவருக்கு மைக் வாங்கிக் கொடுத்தவனையும் திட்டினேன்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் மேற்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சைக்கிளில், உழவு இயந்திரத்தில், ஓட்டமும் நடையுமாக. ஒருவருக்கும் தண்ணீர்ச் செய்தி காதில் விழவில்லை. சூடடிக்கும் இயந்திரச் சத்தத்தில் முதலில் கேட்டதும் ஓதல்தான், கடைசியாகக் கேட்டதும் ஓதல்தான். எங்கள் ஊரில் அதைக் கேட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் புறப்படுவார்கள். யாரென்று பள்ளியடிக்கு வந்துதான் கேட்பார்கள். பேசாதவன் வீட்டு மௌத்தென்றாலும் வருவார்கள். தண்ணீர் வருகிறது என்று சொல்லியிருந்தால் அந்த வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சூட்டடியில் படுத்திருப்பார்கள். மோதினாரின் பிழை அன்று எத்தனையோ பேரை வயலிலிருந்து பிடுங்கி எடுத்தது. அல்லாஹ் அவரை அப்படி ஓத வைத்தான் என்று மரைக்காயர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்ச நேரம்.

மச்சான் வந்தார். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, முழங்கால் வரைக்கும் சேற்றோடு ஓடி வந்து என் கையைப் பிடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"வாப்பாவா மச்சான்?"

"இல்ல. வாப்பாக்கு ஒண்டுமில்ல. ஒருத்தரும் மௌத்தாகல்ல. தண்ணி வருகுது, அதச் சொல்லத்தான் மைக்க எடுத்த."

அவர் பள்ளிப் படியில் அப்படியே இருந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன். பிறகு கேட்டேன்.

"அண்ணன் எங்க?"

மச்சானின் சிரிப்பு நின்றது.

"அவரு வரல்ல. நான்தான் ஓடி வந்த. 'ஒங்கட பள்ளியில ஓதுறாங்க தம்பி, வாப்பாவாத்தான் இரிக்கும். கெதியாப் போங்க, சூட்ட நான் பாத்துக்கிறன்' எண்டாரு."

ஓதலைக் கேட்டதும் அதன் அர்த்தம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டு மௌத்துக்கு மச்சான் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் அவர் நின்றிருக்கிறார். எல்லாத் திணைக்களத்தையும் அன்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி ஸ்பீக்கரும் எங்கள் ஆட்களுக்கு மட்டும் வெட்டிய அலையில்தான் கதைத்திருக்கிறது என்பது எனக்கு அந்தப் படியில்தான் உறைத்தது.

இரண்டு பேரும் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினோம். அம்பாறையிலிருந்து இன்னும் செய்தி வரவில்லை. மச்சானுக்குச் சிங்களம் வராது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, "மனுசன் ஒருத்தரு நிக்காரு ஐயா, மனுசன் நிக்காரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சார்ஜன் அவரின் சேற்றுக் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் மைக்கை எடுத்துவிட்டார். அதனால் அவரை என்னால் வெறுக்க முடியாமல் இருக்கிறது. ஜீப்பிலிருந்து பதில் உடனே வந்தது. தண்ணீர் திடீரென்று பாதைக்கு ஏறிவிட்டது, நாங்கள் பாலத்தைத் தாண்டி இங்கால் வந்துவிட்டோம், இனித் திரும்பிப் போக முடியாது.

மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பாலத்தடியில் அவரை நாலு பேர் பிடித்து நிறுத்தி வைத்தார்களாம். பாலம் இருந்த இடம் தெரியவில்லையாம். தோணிக்காரர்கள் அந்த இழுவையில் இறங்கமாட்டோம் என்று கை விரித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் அண்ணனின் மனைவி கந்தோருக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால், அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார்.

"தம்பி, இதுல அவரக் கூப்பிட்டுப் பாக்க ஏலாதா? எங்கயும் ஆசுபத்திரியில கெடக்காரோ எண்டு கேட்டுப் பாக்க ஏலாதா?"

ஆஸ்பத்திரி ரேடியோ பெட்டிக்குள் இருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கேட்டுப் பார்க்கிறேன் அக்கா, இருங்கள் என்றேன். செற்றைப் போட்டு அம்பாறையைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் தெரியாத ஒன்றை அவர்களிடம் கேட்டேன். அக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தெருவைக் கடந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து என்னிடம் ஒரு கடதாசியைத் தந்தான். பொலிஸ் மேலதிகாரியிடமிருந்து ரேடியோவில் வந்த செய்தி, உங்களுக்கும் அறிவிக்கச் சொன்னார்கள் என்றான். இன்று பிற்பகல் ஆற்றில் நீர் பெருகலாம், பள்ளக்காணிகளில் உள்ளவர்களை அப்புறப்படுத்தவும் என்று இருந்தது. நான் முதல் நாள் அனுப்பிய அதே வசனங்கள். அக்காவுக்கு முன்னால் எனக்குக் கத்தவும் முடியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அண்ணனைக் கண்டெடுத்தார்கள். அவர் காவல் நின்ற சூட்டில் ஒரு கட்டும் மிஞ்சவில்லை. மச்சானும் நானும் அடக்கத்துக்குப் போனோம். மச்சான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவருடைய வாப்பா அதற்குப் பிறகும் பல மாதங்கள் உயிரோடு இருந்தார்.

விசாரணை நடந்தது. எல்லாத் திணைக்களங்களும் தத்தம் அலைவரிசையில் தத்தம் கடமையைச் சரியாகச் செய்திருப்பதாகக் கண்டார்கள். செற்றை விட்டு வெளியே போனதற்கு என்னிடம் மட்டும் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அதில் நான் எழுதிய சில சொற்களை எஞ்சினியர் வெட்டிவிட்டார்.

வெட்டுக்காலம் முடிந்த பின் ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் தனியாக இருந்தேன். அடுத்த மேசையில் ஒரு கான்ஸ்டபிள் வந்து இருந்து பிளேன் டீ கேட்டான். மூக்கடைத்த குரல். நான் திரும்பிப் பார்த்தேன். முன்பு கண்டிராத முகம், ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆற்றுக் கட்டில் ஜீப்பில் நின்றது நீங்கள்தானே என்று சிங்களத்தில் கேட்டேன். ஆம் என்றான். கோப்பையைச் சுற்றிக்கொண்டே அவனாகவே கதைத்தான்.

"அந்த மனிதரை நாங்கள் கண்டோம். சூட்டுக்கு மேலே ஏறி நின்று ஓலை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கை காட்டினார். நாங்களும் கை காட்டினோம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்."

நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தண்ணீர் ஏறும்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு கூக்குரல் போட்டிருப்போமே. ஏன் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை?"

அவன் என்னிடம் உண்மையாகத்தான் கேட்டான்.

"நான் சொல்ல வந்தேன்" என்றேன். "நீங்கள் பகல் சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டபோது நான் அங்கேதான் நின்றேன்."